ஒடுங்கிய தெருவில் ஒரு பரோக் அரண்மனை

வியன்னாவின் பழைய நகரில், கடைகளும் கூட்டமுமாக இருக்கும் கெர்ன்ட்னர் ஸ்ட்ராஸே வீதியிலிருந்து பிரிந்து செல்கிறது ஹிம்மெல்ஃபோர்ட்காஸே என்ற சிறிய தெரு. அதில் 8ஆம் எண் கட்டடத்தை ஆஸ்திரியப் பரோக் கட்டடக் கலையின் முதல் வரிசையில் வைத்துப் பேசுவார்கள். ஆனால் அதன் முகப்பை முழுசாக நேர்நின்று பார்க்க வழியில்லை. எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் ஒரு பார்வையில் சில ஜன்னல்கள்தான் அகப்படும். முகப்போ பதினேழு ஜன்னல் நீளத்துக்கு ஓடுகிறது. யூஜீன் இளவரசரின் நகர அரண்மனை, அல்லது குளிர்கால அரண்மனை என்று இதற்குப் பெயர்.

பரோக் என்பது 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஆடம்பரப் பாணி. அதன் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது பிரெஞ்சு மன்னரின் வெர்சாய் அரண்மனை வகைக் காட்சி. தொலைவிலிருந்தே தெரியும் கட்டடம், அதை நோக்கி நேராக ஓடும் சாலை, இருபுறமும் வெட்டிச் சீர்செய்த தோட்டம். இந்த அரண்மனைக்கு இவற்றில் எதுவும் இல்லை. பணம் கொழித்த, புகழில் ஆசை குறைவில்லாத ஒருவர் இப்படி ஒரு சந்துக்குள் ஏன் கட்டினார்? அந்த நெருக்கடியைக் கட்டடக் கலைஞர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் பின்தொடர்ந்தால் கட்டடத்தின் கதை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

யூஜீன் வியன்னாக்காரர் அல்ல. 1663இல் பாரிஸில் பிறந்தவர், சவோய் அரச குடும்பத்தின் ஒரு கிளையைச் சேர்ந்தவர். தாய் ஒலிம்பியா மன்சீனி, பிரான்ஸை ஆட்டிவைத்த கார்டினல் மசரானின் சகோதரி மகள். பிள்ளையைப் பாதிரியாக்கத்தான் நினைத்தார்கள். அவருக்கோ படைதான் வேண்டும். படைப் பதவி கேட்டுப் பதினான்காம் லூயியிடம் போனபோது மன்னர் மறுத்துவிட்டார். 1683இல் பாரிஸைவிட்டு வெளியேறி வியன்னாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசரிடம் வந்து சேர்ந்தார். அப்போது துருக்கியரின் ஒட்டோமான் படை வியன்னாவை முற்றுகையிட்டிருந்தது. செப்டம்பர் 12 அன்று முற்றுகையை உடைத்த போரில் யூஜீனும் இருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு குதிரைப்படைப் பிரிவு அவர் கையில். பத்தாண்டுகளில் ஃபீல்டு மார்ஷல் என்ற உயர்ந்த படைப் பதவி.

ஹிம்மெல்ஃபோர்ட்காஸேயில் அவர் முதல் வீட்டை வாங்கியது 1694இல். அவரைப் பெரும் புகழுக்குக் கொண்டுபோன ஒட்டோமான்களுக்கு எதிரான ஸென்டா போர் நடந்தது 1697 செப்டம்பரில். வெற்றியில் வந்த பணத்தில் எழுந்த மாளிகை என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அந்தப் போர் நடக்கும்போதே கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு இது முக்கியமான செய்தி. பேரரசில் பரம்பரை நிலம் எதுவும் இல்லாமல் வந்த அந்நியர், முப்பது வயதைத் தாண்டிய உடனேயே, பழைய குடும்பங்களோடு சரிசமமாக நிற்க ஒரு வீடு எழுப்பத் துணிகிறார். நான் இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று அரசவைக்கு அறிவித்துக்கொள்வதற்கு அதைவிட உறுதியான வழி அவருக்கு இருந்திருக்காது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய சுதந்திரமும் கிடையாது. அன்றைய வியன்னா கோட்டைச் சுவருக்குள் அடைபட்ட நகரம். சுவருக்கு வெளியே எதிரி மறைந்து வர முடியாதபடி ஒரு திறந்தவெளியைக் கட்டாயமாகக் காலியாக வைத்திருந்தார்கள்; அதில் எதுவும் கட்டக் கூடாது. உள்ளேயோ வீடுகள் இடைவெளியின்றி நெருங்கி நின்றன. பேரரசரின் ஹோஃப்பூர்க் மாளிகைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க விரும்பும் பிரபு, நகரத்தாரின் குறுகலான வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி, இடித்து, சேர்த்துத்தான் மாளிகை எழுப்ப முடியும். தெருவை அகலப்படுத்துவது அவர் கையில் இல்லை.

முற்றுகை தோல்வியில் முடிந்து அச்சம் விலகியதும் பணக்காரக் குடும்பங்கள் இரட்டை வாழ்க்கைக்குப் பழகின. கோட்டைக்குள் குளிர்காலத்துக்கு ஒரு மாளிகை, வெளியே புறநகரில் கோடைக்குத் தோட்டத்தோடு ஒரு மாளிகை. யூஜீனுக்கு இந்தப் பிரிவு தொழிலோடும் பொருந்தியது. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம்வரை படையெடுப்பு. பனி விழத் தொடங்கினால் படைகள் முகாம்களுக்குத் திரும்பும், தளபதி தலைநகருக்குத் திரும்புவார். 1697இல் புறநகரில் நிலம் வாங்கி, பின்னாளில் அதில் எழுப்பியதுதான் உலகம் முழுக்கத் தெரிந்த பெல்வெடேர். கீழ் மாளிகை 1714 முதல் 1716 வரை, மேல் மாளிகை 1721 முதல் 1723 வரை. சுற்றுலாப் படங்களில் வருவது அதுதான். ஆட்சி அதிகாரம் நடந்தது இந்தச் சந்து வீட்டில்.

முதல் கட்டத்தை வடிவமைத்தவர் ஜொஹான் பெர்ன்ஹார்ட் ஃபிஷர் ஃபான் எர்லாக். 1656இல் கிராட்ஸில் ஒரு சிற்பியின் மகனாகப் பிறந்து, இளவயதிலேயே இத்தாலி போய், சிற்பியும் கட்டடக் கலைஞருமான பெர்னினியின் செல்வாக்கு ஓங்கியிருந்த ரோமில் ஆண்டுக்கணக்கில் தொழில் கற்றவர். திரும்பி வந்து பட்டத்து இளவரசர் ஜோசப்புக்குக் கட்டடக் கலை சொல்லிக்கொடுத்தார். யூஜீனுக்காக அவர் 1690களின் இரண்டாம் பாதியில் கட்டியது ஏழு ஜன்னல் அகல முகப்பு, நடுவில் ஒரே வாசல்.

பெர்னினி ரோமில் 1660களில் செய்த கீஜி மாளிகையின் முகப்பு ஃபிஷரின் மனதில் இருந்திருக்க வேண்டும். அங்கே தரைத்தளம் ஒரு பீடம்போல நிற்க, அதற்கு மேலுள்ள இரண்டு தளங்களையும் இணைத்து ஒரே உயரத்தில் அரைத்தூண்கள் ஏறுகின்றன. இரண்டு மாடிகள் ஒரே மாடியாகத் தோன்றும்; கட்டடம் பெருத்த தோற்றம் பெறும். ஃபிஷரும் அதே உத்தியைக் கையாண்டார். கற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும்படி வரி பிளந்த தரைத்தளம், அதன்மேல் சுருள் வடிவத் தலைப்புள்ள அயோனிய அரைத்தூண்கள், உச்சியில் கைப்பிடிச் சுவரும் சிலைகளும். ஆனால் பெர்னினியின் மாளிகைக்கு முன்னால் ஒரு சதுக்கம் உண்டு. அங்கே நடுப்பகுதி முன்வந்து, பக்கங்கள் உள்வாங்கி நிற்கும். தள்ளி நின்று பார்ப்பவருக்குத்தான் அந்த ஏற்ற இறக்கம் பொருள்படும். ஹிம்மெல்ஃபோர்ட்காஸேயில் அதற்கு இடமில்லை. சரிவான கோணத்தில், நடந்துகொண்டே பார்ப்பவரின் கண்ணுக்கு வேண்டியது தாளம். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் தூண், ஜன்னல், தூண்.

அதனால்தான் பின்னால் வந்த விரிவாக்கம் கட்டடத்தைக் கெடுக்கவில்லை. யூஜீனின் வருமானம் கூடக்கூடப் பக்கத்து வீடுகளும் அவர் கைக்கு வந்தன. 1702 முதல் இங்கே வேலையை ஏற்றவர் லூக்காஸ் ஃபான் ஹில்டெபிராண்ட், ஃபிஷருக்குப் போட்டியாக வளர்ந்தவர். ஜெனோவாவில் 1668இல் பிறந்து, ரோமில் கட்டடக் கலைஞர் கார்லோ ஃபொன்டானாவிடம் பயின்று, வட இத்தாலியின் பீட்மான்ட் போர்களில் யூஜீனின் படையில் பொறியாளராக இருந்தவர். 1708ஐ ஒட்டி ஒரு பக்கம் ஐந்து ஜன்னல்கள், 1723-24இல் மறுபக்கம் இன்னும் ஐந்து. ஒரு வாசல் மூன்றானது. சுபாவத்தில் ஹில்டெபிராண்ட் அலங்காரப் பிரியர். பெல்வெடேரைப் பார்த்தாலே தெரியும். இங்கே மட்டும் தன் கையை அடக்கிக்கொண்டு, போட்டியாளர் வகுத்த வரிசையை அப்படியே நீட்டினார். ஒரு கலைஞனின் அடக்கம் என்று இதைப் பாராட்டலாம். தெரு அவருக்கு வேறு வழி விடவில்லை என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ரோமில் பெர்னினியின் முகப்பையும் 1740களில் நீட்டினார்கள். அங்கே மையம் சிதைந்து, மூலத்தின் அளவமைதி போய்விட்டது. சதுக்கத்தில் கெட்டுப்போன அதே காரியம் சந்தில் தப்பித்தது.

தெருவில் போகிறவருக்கென்று முகப்பில் ஒதுக்கிய ஒரே இடம் வாசல்கள். வாசலின் இருபுறமும், தலையை அதிகம் தூக்காமலே பார்க்கும் உயரத்தில், புடைப்புச் சிற்பங்கள். எரியும் டிராயிலிருந்து தந்தையைத் தோளில் சுமந்து வெளியேறும் ஈனியஸ். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை தோற்காத அரக்கன் அன்டாயஸைத் தூக்கிப்பிடித்து நெரிக்கும் ஹெர்குலஸ். பிறந்த ஊரைவிட்டு வந்து வேறொரு நாட்டில் பெயர் நாட்டிய தளபதிக்கு ஈனியஸைவிடப் பொருத்தமான வீரன் கிடைப்பது கஷ்டம்.

வெளியே காட்ட முடியாத ஆடம்பரத்தை ஃபிஷர் உள்ளே கொண்டுபோனார். வாசல் வழியாகக் குதிரை வண்டி நேராகக் கட்டடத்துக்குள் நுழையும். விருந்தாளி மழையிலோ பனியிலோ நனையாமல் உள்ளேயே இறங்குவார். இறங்கிய இடத்துக்கு அருகிலேயே மாடிப்படி தொடங்குகிறது. பரோக் உள்வெளிகளில் இதற்கு இணை சொல்வது கடினம் என்பது கட்டடக் கலை எழுதுபவர்களின் பொதுவான கருத்து.

இடம் இங்கேயும் குறைவுதான். பெரிய மாளிகைகளில் மாடிப்படிக்கென்றே ஒரு மண்டபம் ஒதுக்குவார்கள். இங்கே கிடைத்தது குறுகி நீண்ட ஒரு துண்டு. ஒற்றை வரிசையாக ஏறும் படிகள் நடுத்தளத்தை அடைந்ததும் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் மேலேறுகின்றன. மேல்தளத்தின் பாரத்தைத் தாங்குவது நான்கு கல் மனிதர்கள். முதுகை வளைத்து, தசை புடைக்க, தலையைக் குனிந்து நிற்கும் அட்லஸ் உருவங்கள். செதுக்கியவர் ஜொவான்னி ஜூலியானி, வெனிஸ் பக்கத்திலிருந்து வந்து பின்னாளில் ஹைலிகன்க்ராய்ட்ஸ் மடத்தில் தங்கி வாழ்ந்த சிற்பி. படியேறுகிறவர் இந்த உருவங்களைத் தொலைவில் வைத்துப் பார்ப்பதில்லை. அவற்றின் கால்களுக்கு இடையே, முழங்கைகளுக்குக் கீழே நடக்கிறார். தொட்டுவிடும் தூரத்தில் ஒரு பேருருவம் நெளிந்துகொண்டு பாரம் சுமப்பது ஒரு பெரிய மண்டபத்தில் இந்தத் தாக்கத்தைத் தந்திருக்காது. குறுகலே இங்கே கலைஞனுக்குக் கருவியாகிவிட்டது.

பின்னாளில் மேல் பெல்வெடேரின் தரைத்தள மண்டபத்திலும் இதேபோல் நான்கு உருவங்கள் வந்தன. அது அழகுக்காகத் தொடங்கிய வேலை அல்ல. கூரை இறங்கிவிடும் அபாயம் தெரிந்ததால் 1732-33 குளிர்காலத்தில் முட்டுக்கொடுக்கவே வைத்தார்கள். அவை உண்மையிலேயே பாரம் தாங்குகின்றன. அகலமான அந்த மண்டபத்தில் ஒழுங்காகவும் நிற்கின்றன. ஆனாலும் நெஞ்சில் அடிப்பது சந்து வீட்டின் படிக்கட்டுதான் என்பேன்.

படிக்கட்டில் தண்டாயுதத்தோடு ஒரு ஹெர்குலஸ் சிலை. அண்ணாந்தால் கூரையில் லூயி டோரினி தீட்டிய ஓவியம்: சூரியத் தேரில் கிரேக்கக் கடவுள் அப்போலோ. ஹெர்குலஸ் போரின் உருவகம், அப்போலோ கலையின் உருவகம் என்பது பாடப்புத்தக விளக்கம், தவறில்லை. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்போலோவையும் சூரியனையும் தன் சொந்தச் சின்னமாக ஐரோப்பா முழுக்கப் பரப்பி வைத்திருந்தவர் பதினான்காம் லூயி, யூஜீனுக்குப் படைப் பதவி மறுத்த அதே மன்னர். இந்த ஓவியம் வரையும்போது அவர் உயிரோடு ஆண்டுகொண்டிருந்தார். வியன்னாவுக்கு வந்த எந்தத் தூதருக்கும் இந்தக் குத்தல் புரியாமல் போயிருக்காது.

முதல் மாடிதான் அரண்மனையின் முக்கியத் தளம். கதவுகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் அமைந்த அறைகள் வரிசையாக ஓடுகின்றன. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். இந்த அமைப்பு வெறும் அழகுக்காக வந்தது அல்ல. அக்கால நெறிப்படி, ஒரு விருந்தாளியை எந்த அறைவரை அனுமதிக்கிறார்கள், வீட்டுக்காரர் எத்தனை படி இறங்கி வந்து எதிர்கொள்கிறார் என்பதெல்லாம் அளந்து தீர்மானித்த விஷயங்கள். சாதாரண மனுதாரருக்கு முன்னறையோடு சரி. தகுதி கூடக்கூடக் கதவுகள் திறக்கும். 1703 முதல் யூஜீன் பேரரசின் போர்க் கவுன்சிலுக்குத் தலைவர். ஒட்டோமான் அரசோடு பேச்சு நடத்துவது அந்தக் கவுன்சிலின் பொறுப்பு. ஆகவே இஸ்தான்புல்லிலிருந்து வந்த தூதர்களை அவர் இந்த அறைகளில்தான் வரவேற்றார். 1711இல் நடந்த வரவேற்பு அவற்றில் பெயர்பெற்றது. படிக்கட்டின் கல் மனிதர்களுக்கு இடையே ஏறி, அறை அறையாகக் கடந்து, கடைசியில் அந்தச் சிறிய உருவமுள்ள தளபதி முன் வந்து நிற்க வேண்டும்.

நீல அறையின் கூரையில் டோரினியின் இன்னொரு ஓவியம், ஹெர்குலஸ் தேவர்களோடு சேர்த்துக்கொள்ளப்படும் காட்சி. அதைச் சுற்றி பொலோஞாவின் மார்க்கான்டோனியோ கியாரினி தூண்களையும் மாடங்களையும் வரைந்து, கூரை இன்னும் உயரத்துக்குத் திறந்துகிடப்பதுபோல ஏமாற்றியிருக்கிறார். போர்க்களக் காட்சிகளுக்கென்றே ஒரு அறை. யூஜீன் வென்ற போர்களை அங்கே பெரிய படங்களாக வரைந்தவர் பாரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர். பொன்முலாம் பூசிய மரவேலைகளால் இழைத்த தங்க அறையும் உண்டு. சுதை வேலை, பட்டுத் திரை, கண்ணாடி பற்றியெல்லாம் எழுதிக்கொண்டே போகலாம். பரோக் மாளிகை எல்லாவற்றிலும் அவை உண்டு.

தனித்து நிற்பது அவருடைய நூலகம். ஏறத்தாழ 15,000 அச்சு நூல்கள், 237 கையெழுத்துச் சுவடிகள். நூல்களைப் பாரிஸிலிருந்து வரவழைத்த கைவினைஞரைக்கொண்டு கட்டமைத்தார்: வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் சிவப்புத் தோல், இறையியலுக்கும் சட்டத்துக்கும் நீலம், இயற்கை அறிவியலுக்கு மஞ்சள். படிப்பதற்காக வாங்கினாரா, காட்டுவதற்காக வாங்கினாரா என்ற சந்தேகம் இப்படிப்பட்ட சேகரிப்புகளில் எப்போதும் எழும். யூஜீன் படித்தவர்தான், தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் வியன்னாவில் இருந்தபோது தன் தத்துவத்தைச் சுருக்கி எழுதி அவருக்குக் கொடுத்தார்.

அந்தச் சேகரிப்பில் இருந்த ஒரு பொருள் தமிழ் வாசகருக்கு நெருக்கமானது. பொய்டிங்கர் வரைபடம் என்ற, ரோமானியப் பேரரசின் சாலைகளைக் காட்டும் ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள தோல்சுருள். மூலம் ரோமானியக் காலத்தது. இப்போது இருப்பது இடைக்காலப் பிரதி. அதன் கிழக்கு ஓரத்தில், இந்தியாவின் கரையில், முசிறி என்ற பெயர் இருக்கிறது, பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் என்ற குறிப்போடு. சங்கப் பாடல்களில் யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய சேர நாட்டு முசிறிதான் அது. யூஜீன் சேகரித்த அந்தச் சுருள் இப்போது ஆஸ்திரிய தேசிய நூலகத்தில். முசிறியோடு நடந்த கப்பல் வணிகக் கடன் பற்றிய கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றும் அதே நூலகத்துக்கு வந்து சேர்ந்தது, ஆனால் 20ஆம் நூற்றாண்டில், வேறு வழியாக.

1736 ஏப்ரல் 20 மாலை யூஜீன் வழக்கம்போல் தோழி பட்யானி சீமாட்டி வீட்டில் சீட்டாடிவிட்டுத் திரும்பினார். மறுநாள் காலை வேலைக்காரர்கள் பார்த்தபோது படுக்கையில் இறந்து கிடந்தார். வயது 72. திருமணம் செய்துகொள்ளவில்லை, உயிலும் எழுதவில்லை. அண்ணன் மகள் விக்டோரியாவுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. அவர் சித்தப்பாவை அதிகம் அறியாதவர். சொத்தைக் காசாக்குவதில் தயக்கம் காட்டவில்லை. நூலகத்தை ஆயுட்கால ஆண்டுத் தொகைக்குப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1738இல் வாங்கினார். அரசவை நூலகத்தின் மைய மண்டபத்தில் அந்தச் சிவப்பு, நீல, மஞ்சள் முதுகுகளை இன்றும் பார்க்கலாம். ஓவியங்களின் பெரும்பகுதி 1741இல் சவோய் மன்னரிடம் டூரினுக்குப் போனது. கைகளை ஏந்தி நிற்கும் சிறுவனின் பழங்காலக் கிரேக்க வெண்கலச் சிலை லிக்டென்ஸ்டைன் இளவரசரிடமும், அவரிடமிருந்து பிரஷ்யாவின் ஃபிரெடெரிக்கிடமும் கைமாறி, இன்று பெர்லினில் இருக்கிறது.

1752இல் ஆறாம் சார்லஸுக்குப் பின் ஆண்ட அவர் மகள் மரியா தெரசா அரண்மனையை விலைக்கு வாங்கினார். தங்க அறையின் மரவேலைகள் சில கீழ் பெல்வெடேருக்கு இடம்மாறின. பிரபு குடியிருந்த வீட்டில் நாணயச் சாலையையும் சுரங்கங்களையும் நிர்வகிக்கும் அலுவலகம் வந்து உட்கார்ந்தது. 1848இல் நிதி அமைச்சகம் குடிவந்தது. அதன்பின் முடியாட்சி முடிந்தது, குடியரசு வந்தது, நாஜிகள் வந்துபோனார்கள். கட்டடம் நிதி நிர்வாகத்தின் இடமாகவே தொடர்ந்தது.

அலுவலகமாகியதால் கட்டடம் சீரழிந்திருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடந்தது கிட்டத்தட்ட எதிர்மாறு. தனியார் கையில் இருந்த மாளிகைகளை 19ஆம் நூற்றாண்டில் வாரிசுகள் நாகரிகத்துக்கு ஏற்ப மாற்றினார்கள், கூறுபோட்டார்கள், விற்றார்கள். அரசு அலுவலகத்தில் கூரை ஓவியத்தை மாற்றிவரைய எந்த அதிகாரியும் பணம் ஒதுக்கமாட்டார். அமைச்சருக்கோ தங்க அறைகள் இருந்தால் பெருமைதான். ஆகவே மேலே அப்போலோ தேரோட்ட, கீழே கோப்புகள் நகர்ந்தன. அமைச்சர்கள் யூஜீனின் வரவேற்பு அறைகளுக்கு அருகிலேயே வேலை பார்த்தார்கள்.

2007இல் தொடங்கிய பெரும் சீரமைப்பு 2013இல் முடிந்தது. யூஜீனின் 350ஆவது பிறந்தநாளை ஒட்டி, அந்த ஆண்டு அக்டோபரில், பெல்வெடேர் அருங்காட்சியகம் முக்கிய அறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்தது. பரோக் கூரைகளுக்குக் கீழே பழைய ஓவியங்களையும் சமகாலக் கலையையும் மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைத்தார்கள். டிக்கெட் வாங்கிய எவரும் ஜூலியானியின் கல் மனிதர்களுக்கு நடுவே மேலேற முடிந்தது. ஏற்பாடு நான்கு ஆண்டுகள்தான் நீடித்தது. 2017இல் அருங்காட்சியகம் வெளியேற, அறைகள் மீண்டும் நிதி அமைச்சகத்தின் பயன்பாட்டுக்குப் போயின.

கலை வரலாற்றுக்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு, நியாயமும் உண்டு. ஆனால் கட்டடத்தின் பக்கம் நின்று பார்த்தால் அதிகாரம் மிக்கவர்கள் விருந்தாளிகளை வரவேற்கும் இடமாக அது தொடர்வது அதன் பிறவிக் குணத்துக்கு முரணானது அல்ல. எல்லாரும் பார்க்க வேண்டும் என்று அந்தப் படிக்கட்டை யூஜீன் கட்டவில்லை. யாரை மேலே விடுவது என்று முடிவுசெய்யும் உரிமைக்காகத்தான் கட்டினார். அந்த உரிமை இன்று வரி வசூலிக்கும் துறையிடம் இருக்கிறது.